உடைக்காத மல்லாட்டை

ஆடி பிறந்து ஒரு கனத்த மழை விழுந்த மறுநாள் காலையில், கடலூர் மாவட்டத்தில் மங்கலம்பேட்டையைச் சுற்றியுள்ள மானாவாரிக் கொல்லைகளில் மண்ணுக்குள் முதலில் இறங்குவது விரல்தான். ஆள்காட்டி விரலை அழுத்தி, ஈரம் எத்தனை கணு போயிருக்கிறது என்று பார்ப்பார்கள். இரண்டு கணு என்றால் வீட்டுக்குத் திரும்பிவிடுவார்கள். விரல் முழுக்க இறங்கினால்தான் அடுத்த பேச்சு. அந்தப் பேச்சு பெரும்பாலும் ஒரே கேள்வியாக இருக்கும்: மல்லாட்டையை உடைத்துவிடலாமா?

மற்ற மாவட்டங்களில் நிலக்கடலை என்றும் வேர்க்கடலை என்றும் சொல்வதைத் தென்னாற்காட்டுக்காரர்கள் மல்லாட்டை என்பார்கள். விதைக்கு எடுத்துவைத்த மல்லாட்டை காயாக, தோட்டோடு மூட்டையில் இருக்கும்வரை முளைப்புத் திறன் சீக்கிரம் கெடாது. தோட்டை உடைத்துப் பருப்பாக்கிவிட்டால் கணக்கு நாளில் வந்துவிடும். சில நாளுக்குள் மண்ணில் போட வேண்டும். தவறினால் அது விதைக்கு ஆகாது, செக்குக்குப் போக வேண்டியதுதான். ஏக்கருக்கு ஐம்பது கிலோவுக்குக் குறையாமல் பருப்பு வேண்டும். மல்லாட்டைச் சாகுபடியில் கையிலிருந்து போகும் பெரிய செலவுகளில் ஒன்று இந்த விதை. ஆகவே மழைக்கு முன்பே உடைத்து வைத்தவர் முந்திக்கொள்வார், அல்லது விதையை இழப்பார். மழைக்குப் பிறகு உடைப்பவர் விதையைக் காப்பாற்றிக்கொள்வார், ஆனால் ஈரத்தில் இரண்டு நாளை விடுவார். அந்த இரண்டு நாள் விளைச்சலில் தெரியும்.

சிறு விவசாயி இடரை எப்படி எடைபோடுகிறார் என்று யாராவது கேட்டால், நான் இந்த மூட்டையைத்தான் காட்டுவேன். கட்டு அவிழ்க்காத மூட்டையைப் பார்த்துப் பயம் என்று சொல்லிவிடுவது எளிது. வேளாண் விரிவாக்கப் பணியாளர்களின் அறிக்கைகளிலும் கருத்தரங்குகளிலும் அப்படித்தான் சொல்லிவருகிறோம்: புதிய ரகத்துக்கு மாறத் தயக்கம், பரிந்துரைத்த அளவு உரமிடத் தயக்கம், சந்தைப் பயிருக்குப் போகத் தயக்கம். தயக்கம் மனதில் இருப்பதாகவும், அதைப் பயிற்சி முகாமில் போக்கிவிடலாம் என்றும் எண்ணிக்கொள்கிறோம். மங்கலம்பேட்டைக்குப் பக்கத்திலேயே, விருத்தாசலத்தில், தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் மண்டல ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. நிலக்கடலையிலும் முந்திரியிலும் எள்ளிலும் வி.ஆர்.ஐ. என்று தொடங்கும் ரகங்கள் பல அங்கிருந்து வந்தவை. அறிவு எட்டாத தூரத்தில் இல்லை. அப்படியிருந்தும் பரிந்துரை ஒரு பக்கமும் கொல்லை ஒரு பக்கமுமாக இருப்பதற்குக் காரணத்தை வேறு இடத்தில்தான் தேட வேண்டும்.

தேடியவர்களில் முக்கியமானவர் ஹான்ஸ் பின்ஸ்வாங்கர். ஐதராபாத் அருகே பட்டாஞ்செருவில் உள்ள சர்வதேச வறண்ட வெப்ப மண்டலப் பயிர் ஆராய்ச்சி நிறுவனம், இக்ரிசாட், மகாராஷ்டிரத்திலும் அன்றைய ஆந்திரத்திலும் சில கிராமங்களைத் தொடர்ந்து ஆராய்ந்துவந்தது. அங்கே அவர் விவசாயிகளிடம் ஒரு விளையாட்டை நடத்தினார்; முடிவுகள் 1980இல் வெளியாயின. நாணயத்தைச் சுண்டிவிடுவார்கள். பெரிய பந்தயத்தில், தலை விழுந்தாலும் பூ விழுந்தாலும் 50 ரூபாய் என்பது ஒரு தேர்வு. ஒரு பக்கம் விழுந்தால் 30, மறுபக்கம் விழுந்தால் 150 என்பது இன்னொன்று. ஒன்றுமே இல்லை அல்லது 200 என்பது கடைசி. இடையில் மேலும் சில படிகள். விழுந்த பணத்தை உண்மையாகவே கையில் கொடுத்தார்கள். அரை ரூபாயில் தொடங்கிய பந்தயம், கூலிக்காரரின் ஒரு மாத வருமானத்தைத் தாண்டும் அளவுக்கு ஏறியது.

சில்லறைப் பந்தயத்தில் ஆளுக்கொரு விதமாக ஆடினார்கள். பணம் பெரிதாக ஆக, ஏறக்குறைய எல்லோரும் நடுவிலிருந்த தேர்வுகளுக்கு வந்து சேர்ந்தார்கள். முழுப் பாதுகாப்பையும் அதிகம் பேர் கேட்கவில்லை, முழுச் சூதாட்டத்தையும் கேட்கவில்லை. நிலம் அதிகம் உள்ளவர் துணிந்தார், இல்லாதவர் ஒடுங்கினார் என்ற பிளவும் சொல்லும்படியாகத் தென்படவில்லை. பணக்காரரும் ஏழையும் இடரை ஏறத்தாழ ஒரே கண்ணால் பார்க்கிறார்கள் என்றால், வயலில் இருவரும் வேறுவேறாக நடந்துகொள்வது ஏன்? பின்ஸ்வாங்கரின் பதில்: மனப்போக்கில் வேறுபாடு இல்லை, கடன் கிடைப்பது, சந்தை எட்டுவது, தகவல் வந்து சேர்வது ஆகியவற்றில்தான் வேறுபாடு. நாற்பது ஆண்டுக்கு மேலாகியும் இந்த முடிவு நம் வேளாண் பேச்சுக்குள் போதிய அளவு இறங்கவில்லை என்பது என் வருத்தம்.

இதைக் காசில் போட்டுப் பார்க்கலாம். மூன்று ஏக்கர் மானாவாரி நிலமுள்ள ஒரு குடும்பம். கணக்கு புரிவதற்காக நான் எடுத்துக்கொள்ளும் தொகைகள் இவை, எந்த ஊரின் புள்ளிவிவரமும் இல்லை. வரகு போட்டால் மொத்தச் செலவு 12,000 ரூபாய். நல்ல ஆண்டில் செலவு போக 18,000 நிற்கும். கெட்ட ஆண்டில் போட்ட காசு மட்டும் திரும்பும். மக்காச்சோளம் போட்டால் செலவு 60,000. நல்ல ஆண்டில் செலவையும் சேர்த்து 1,20,000 வரும். கெட்ட ஆண்டில் 60,000மும் போய்விடும். ஐந்து ஆண்டில் நான்கு நல்லது, ஒன்று கெட்டது என்று வைத்தால் மக்காச்சோளத்தில் 1,80,000 நிற்கிறது, வரகில் 72,000. இரண்டரை மடங்கு. வரகை விடாதவரைப் பார்த்து, கூட்டல் கழித்தல் தெரியாதவர் என்று சொல்லத் தோன்றும்.

அந்தக் கெட்ட ஆண்டு முதல் ஆண்டாக வந்தால்? செலவுப் பணம் 60,000ஐ மூன்று வட்டிக்கு, அதாவது நூற்றுக்கு மாதம் மூன்று ரூபாய் வட்டிக்கு, வாங்கியிருப்பார். பயிர் போயிற்று. அடுத்த பட்டத்துக்கு இன்னொரு 60,000. இரண்டாம் அறுவடை வரும்போது முதல் கடனுக்குப் பதினேழு மாத வட்டி, இரண்டாம் கடனுக்கு ஐந்து மாத வட்டி: 30,600, 9,000. நல்ல விளைச்சலே வந்து 1,20,000 கைக்கு வந்தாலும் இரண்டு கடனின் முதல்தான் அடையும். வட்டி 39,600 அப்படியே தொங்கும். இரண்டு ஆண்டும் அந்த வீட்டில் உலை வைத்த கணக்கு இதில் சேரவில்லை. அதே கெட்ட ஆண்டு ஐந்தாவதாக வந்திருந்தால், நான்கு விளைச்சலின் கையிருப்போடு அவர் அதைத் தாங்கியிருப்பார். அதே ஆள், அதே நிலம், அதே பயிர், அதே சராசரி. ஆண்டுகளின் வரிசை மாறியது மட்டும்தான். ஐந்தாண்டுச் சராசரி ஐந்தாண்டும் நிலத்தில் நின்றவருக்கே கிடைக்கும். இரண்டாம் ஆண்டிலேயே நிலத்தை ஒத்திக்கு விட்டவருக்கு அதில் பங்கு இல்லை.

வேப்பூர், நல்லூர்ப் பக்கம் வரகு விளைந்த நிலங்கள் பல மக்காச்சோளத்துக்கு மாறியது இந்தக் கணக்கைத் தெரியாமல் நடந்ததில்லை. கோழித்தீவனத்துக்கு நாமக்கல் பக்கம் நிலையான தேவை இருந்தது. வியாபாரி களத்துக்கே வந்தார். விதையும் உரமும் கடனுக்குக் கிடைத்தன. சில ஆண்டுகள் எல்லாம் கூடிவந்தன. 2018இல் இந்தியாவில் முதன்முதலாகக் கர்நாடகத்தில் கண்டறியப்பட்ட அமெரிக்கன் படைப்புழு அதே ஆண்டு புரட்டாசிப் பட்டத்து மக்காச்சோளத்துக்கு வந்துசேர்ந்தது. பகலில் குருத்துக்குள் ஒளிந்திருக்கும். இலையைப் பிரித்தால் மரத்தூளைப் போல ஈர எச்சம் குவிந்திருக்கும். மேலோட்டமாக அடித்த மருந்து அதைத் தொடாது. ஒவ்வொரு செடியின் குருத்துக்குள்ளும் விழும்படி அடிக்க வேண்டும். ஒரு தடவை போதாது. ஆள்கூலியும் மருந்துச் செலவும் கூடிக்கொண்டே போக, விட்டுவிடுவதா இன்னும் அடிப்பதா என்று விவசாயி முடிவெடுக்க வேண்டியிருந்தது. இடர் என்பது விதைக்கும் நாளில் ஒரே தடவை எடுக்கும் முடிவு என்று பாடநூல்கள் காட்டும். கொல்லையில் அது வாரத்துக்கு வாரம் எடுக்கும் முடிவு.

அதனால்தான் பரிந்துரையைத் துண்டு துண்டாக்கி ஏற்றுக்கொள்கிறார்கள். மல்லாட்டைக்குப் பூக்கும் பருவத்தை ஒட்டி, மண் அணைக்கும்போது ஜிப்சம் போடச் சொல்கிறது ஆராய்ச்சி நிலையம்; காய் திரள அது உதவும். நட்டதிலிருந்து மழை ஒழுங்காக வந்திருந்தால் வாங்கிப் போடுவார்கள். நடுவில் இரண்டு வாரம் வானம் காய்ந்தால் அந்த மூட்டைகளை வாங்கவே மாட்டார்கள். வெளியிலிருந்து பார்ப்பவர் தொழில்நுட்பத்தை அரைகுறையாகக் கடைப்பிடித்ததாக எழுதிக்கொள்வார். எனக்குத் தெரிந்து, பாதிப் பணத்தை இன்னும் கையில் வைத்திருப்பவரின் தெளிவு அது.

இதே மனிதர் வேறு இடத்தில் திகைக்க வைக்கும் துணிச்சலைக் காட்டுவார். ஆழ்துளைக் கிணறு ஒன்று போட்டுத் தண்ணீர் வரவில்லை என்றால், கடன்மேல் கடன் வாங்கி இரண்டாவதைப் போடுவார். மூன்றாவதும் போட்டவர்கள் உண்டு. புது ரக விதைப் பைக்கு யோசித்தவர் லட்சக்கணக்கான பணத்தைப் பூமிக்குள் இறக்குவது முரணாகத் தெரியும். டேனியல் கானமனும் ஏமோஸ் ட்வெர்ஸ்கியும் 1979இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை இதற்கு ஒரு விளக்கம் தருகிறது: கையில் இருப்பதைக் காக்கும்போது மனிதர் ஒடுங்குகிறார், ஏற்கெனவே இழந்து நிற்கும்போது, இழப்பை ஒரே அடியில் ஈடுகட்டும் வாய்ப்பைத் தேடித் துணிகிறார். முதல் கிணறு வறண்ட கணத்தில் அவர் நிற்கும் இடம் மாறிவிட்டது. குணம் மாறவில்லை.

தமிழ்நாட்டு விவசாயிகளில் பெரும்பாலோர் இழப்பின் விளிம்புக்குப் பக்கத்தில்தான் நிற்கிறார்கள். 2015–16 வேளாண் கணக்கெடுப்பின்படி மாநிலத்தில் ஒரு நிலவுடைமையின் சராசரி அளவு 0.75 ஹெக்டேர், இரண்டு ஏக்கருக்குக் கொஞ்சம் குறைவு. உடைமைகளில் 93 விழுக்காடு சிறு, குறு விவசாயிகளுடையவை.

அவர்களின் பழைய காப்பீடு ஊரும் உறவும். மச்சானிடம் கைமாற்று, ஏலச்சீட்டு, ஆடு மாடு, எல்லாவற்றுக்கும் மேலாக வீட்டுப் பெண்களின் நகை. பயிர் முடிவை ஆண் எடுப்பதாகக் கணக்கெடுப்புப் படிவங்கள் எழுதிக்கொள்கின்றன. ஆனால் கூட்டுறவுச் சங்கத்துக்கோ அடகுக் கடைக்கோ போக வேண்டியது மனைவியின் கழுத்திலும் காதிலும் இருப்பது. நகை மீண்டு வீட்டுக்கு வந்திருக்கிற ஆண்டில்தான் புதுப் பயிர் பற்றிய யோசனை வீட்டில் எழும். நகை அடகில் இருக்கும் ஆண்டில் அந்தப் பேச்சை அவர் எடுக்கவும் மாட்டார், அவள் விடவும் மாட்டாள். பொருளாதார ஆய்வுகளில் இந்தப் பெண்ணின் தீர்மானம் சரியாகப் பதிவாவதில்லை என்பது என் எண்ணம்.

ஊரும் உறவும் தாங்குவதற்கு ஒரு நிபந்தனை உண்டு: எல்லோரும் ஒரே நாளில் விழக் கூடாது. 2011 டிசம்பர் 30ஆம் தேதி தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தது. பண்ருட்டி, குறிஞ்சிப்பாடி, விருத்தாசலம் பக்கத்து முந்திரிக் காடுகள் ஒரு விடிகாலையில் சாய்ந்தன. பலாவும் சாய்ந்தது. அதுவரை முந்திரி என்றால் இந்தப் பகுதியில் பாதுகாப்பின் மறுபெயர். நட்டுவிட்டால் தலைமுறைக்கு நிற்கும், வறட்சி தாங்கும், அதிகச் செலவு வைக்காது. பெண் கல்யாணத்துக்குத் தோப்பை நம்பியவர்கள் உண்டு. எது குறைந்த இடர் என்று தேர்ந்தெடுத்தார்களோ அதுவே வேரோடு கிடந்தது. கைமாற்று கேட்க எந்த வீட்டுக்குப் போனாலும் அந்த வீட்டுத் தோப்பும் விழுந்திருந்தது. பிறகு ஒட்டுக்கன்று வாங்கி மறுபடி முந்திரி வைத்தவர்கள் யார், மரங்களை விறகுக்கு விற்றுவிட்டு நிலத்தை வேறு பயிருக்குத் திருப்பியவர்கள் யார் என்று கவனித்தால், நான் பார்த்தவரையில், பிரிகோடு காத்திருக்கும் சக்தியில் விழுந்தது. கன்று காய்க்க மூன்று ஆண்டாவது ஆகும். நல்ல மகசூலுக்கு இன்னும் பல ஆண்டு. அதுவரை சோறு போட மாதச் சம்பளம் ஒன்று வேண்டும். விருத்தாசலம் பீங்கான் பட்டறையில் மகனுக்கு வேலை, நெய்வேலியில் ஒப்பந்த வேலை, சிங்கப்பூரிலிருந்து வரும் பணம், இப்படி ஏதாவது ஒன்று இருந்த வீடு மறுபடி முந்திரி வைக்க முடிந்தது. வேளாண்மையில் எடுக்கும் துணிவுக்கு வேளாண்மைக்கு வெளியே ஒரு கால் ஊன்றியிருக்க வேண்டியிருக்கிறது.

இதை வேறு விதத்திலும் பார்த்திருக்கிறார்கள். 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் நூறு நாள் வேலை வந்தபோது அதை வறுமைக்கான உதவி என்றே எல்லோரும் பேசினோம். எஸ்தர் கெர்கே என்ற பொருளியலாளர் ஆந்திரத்தில் ஆராய்ந்தபோது, அந்த வேலை கிடைத்த குடும்பங்கள் பருத்தி போன்ற இடர் மிகுந்த, லாபமும் மிகுந்த பயிர்களுக்கு அதிகம் போயிருந்தது தெரிந்தது. பயிர் போனால் குளம் வெட்டப் போகலாம் என்ற உறுதியே விதைப்பை மாற்றிவிட்டது.

காப்பீட்டுக்கும் அந்தச் சக்தி உண்டு என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே சான்று இருக்கிறது. முஷ்பிக் மொபாரக், மார்க் ரோசன்சுவைக் என்ற இரண்டு பொருளியலாளர்கள் தமிழ்நாட்டிலும் ஆந்திரத்திலும் உத்தரப்பிரதேசத்திலும் மழைக் காப்பீட்டைக் குலுக்கல் முறையில் சில குடும்பங்களுக்கு வழங்கிப் பார்த்தார்கள். மழை குறிப்பிட்ட நாளுக்குள் வராவிட்டால் பணம்; வயலை யாரும் வந்து பார்க்க வேண்டியதில்லை. காப்பீடு கிடைத்த நம் நெல் விவசாயிகள், வறட்சியைத் தாங்கும் ரகங்களிலிருந்து, வறட்சிக்குத் தாங்காத ஆனால் அதிகம் விளையும் ரகங்களை நோக்கி நகர்ந்தார்கள். யாரும் அவர்களுக்குத் துணிவைப் பற்றி வகுப்பு எடுக்கவில்லை. அந்த ஆய்வில் இன்னொரு கசப்பான உண்மையும் இருந்தது. நிலமுள்ளவர் துணிந்து பயிரிட்டால் மழை பொய்க்கும் ஆண்டில் கூலி வேலையும் கடுமையாக விழும். காப்பீடு இல்லாத நிலமற்ற கூலிக்காரர் அந்த அடியைத் தாங்க வேண்டும். விவசாயியின் இடரைப் பேசும்போது களை எடுக்க வரும் பெண்ணின் இடரை யாரும் பேசுவதில்லை.

காப்பீடு என்ற சொல்லைக் காட்டிலும் பெரிய வேலையை விதையே செய்ய முடியும். வெள்ளத்தில் இரண்டு வாரம் மூழ்கியும் பிழைக்கும் சுவர்ணா சப்-1 நெல்லை ஒடிசாவில் கொடுத்துப் பார்த்தபோது, வெள்ளம் வராத ஆண்டிலும் விவசாயிகள் உரம் கூடுதலாக இட்டார்கள், நடவில் அதிக அக்கறை காட்டினார்கள். மூழ்கினாலும் போகாது என்ற நிம்மதி அவர்களைச் செலவு செய்ய வைத்தது. நம் சி.ஆர். 1009 நெல்லிலும் அந்த சப்-1 மரபணு சேர்ந்த ரகம் இருக்கிறது. வெள்ளம் சூழும் கடலூர் மாவட்டத் தாழ்நிலங்களுக்கு அது ஒரு நெல் ரகத்துக்கு மேற்பட்ட பொருள்.

எச்சரிக்கையாக இருப்பதற்கு ஒரு விலை உண்டு, அது எந்த நிவாரணப் பட்டியலிலும் வராது. ரோசன்சுவைக்கும் பின்ஸ்வாங்கரும் 1993இல் இக்ரிசாட் கிராமங்களின் கணக்கை வைத்துக் காட்டியது இது: மழையின் நிச்சயமின்மை ஓரளவு குறைந்தாலே மிக ஏழைக் கால்பங்குக் குடும்பங்களின் வேளாண் லாபம் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கூடும். வசதியான குடும்பங்களில் அந்த வேறுபாடு மிகவும் குறைவு. வறட்சி ஒரு பருவத்தில் அடிக்கிறது. வறட்சி வரலாம் என்ற நினைப்பு எல்லாப் பருவத்திலும் ஏழையின் விளைச்சலில் ஒரு பங்கை எடுத்துக்கொள்கிறது.

2016இல் தொடங்கிய பிரதமரின் பயிர்க் காப்பீட்டுத் திட்டம் இந்தப் பங்கை மீட்டுத் தர வேண்டியது. விவசாயி கட்டுவது காரீப் உணவுப் பயிருக்கும் எண்ணெய் வித்துக்கும் காப்பீட்டுத் தொகையில் 2 விழுக்காடு, ராபிக்கு 1.5, வணிகப் பயிருக்கும் தோட்டப் பயிருக்கும் 5. மீதியை ஒன்றிய, மாநில அரசுகள் ஏற்கின்றன. கட்டணம் சுமை இல்லை. ஆனால் இழப்பீடு பெரும்பாலும் வயலைப் பார்த்து வருவதில்லை, ஊர்ச் சராசரியைப் பார்த்து வருகிறது. தேர்ந்தெடுத்த சில வயல்களில், நெல்லுக்கென்றால் ஐந்து மீட்டருக்கு ஐந்து மீட்டர் கயிறு கட்டி, அறுத்து, அடித்து, எடை போடுகிறார்கள். அந்தச் சதுரத்தில் நன்றாக விளைந்துவிட்டால், ஊர்க் கோடியில் விளையாமல் போன கொல்லைக்கு வழி இல்லை. எல்லாம் சரியாக நடந்தாலும் பணம் வந்து சேர்வதற்குள் அடுத்த பட்டம் வந்துவிடுகிறது. இழப்பீட்டை ஆறுதலாகப் பார்த்தால் தாமதம் பொறுத்துக்கொள்ளக் கூடியது. விதைப்பு முடிவை மாற்ற வேண்டிய கருவியாகப் பார்த்தால், விதைத்த பிறகு வரும் பணம் அந்த வேலையைச் செய்யாது. ஆடிக்குள் வந்தால்தான் அது காப்பீடு.

இவை எல்லாவற்றுக்கும் வெளியே நிற்பவர் வாய்மொழிக் குத்தகைக்காரர். குத்தகை உரிமையைப் பதிவு செய்யத் தமிழ்நாட்டில் 1969இலேயே சட்டம் வந்தது. ஆனால் நிலக்காரர் எழுதிக் கொடுக்க அஞ்சுகிறார், பயிரிடுபவர் எழுதிக் கேட்க அஞ்சுகிறார். கேட்டால் அடுத்த ஆண்டு நிலம் இருக்காது. பயிர்க் கடனும் மானியமும் பட்டா இருக்கும் கைக்கே எளிதில் போகின்றன. அடுத்த ஆண்டு யாருடையது என்று தெரியாத மண்ணில் அவர் முந்திரி வைக்க மாட்டார், ஏரி வண்டல் அடிக்க மாட்டார், நூறு நாளில் முடியும் பயிரைத்தான் போடுவார். அந்தப் பயிர் பெரும்பாலும் மல்லாட்டையாகவோ உளுந்தாகவோ இருக்கும்.

அவர் வீட்டில் விதை மூட்டை சுவரோரம் சாய்ந்திருக்கிறது. மேற்கே கறுத்த மேகத்தைப் பார்த்துப் பெண்கள் முறத்தோடு திண்ணையில் வந்து உட்கார்ந்திருக்கிறார்கள். மூட்டையின் கட்டில் கை வைத்தவர் காற்று திரும்புவதைக் கவனிக்கிறார். கொஞ்ச நேரம் நிற்கிறார். பிறகு கட்டை மறுபடி இறுக்கிவிட்டு, நாளைக்குப் பார்க்கலாம் என்று எல்லோரையும் வீட்டுக்கு அனுப்புகிறார்.